மௌனத்துக்கு ஒரு கோப்பு எண்

இராணுவத்தைப் பற்றிப் படம் எடுப்பவர்களுக்கு இராணுவமே லாரி தரும், சீருடை தரும், மைதானம் தரும், அதில் ஓடுவதற்கு இருநூறு பேரையும் தரும். பதிலுக்கு அது கேட்பது ஒன்றே ஒன்றுதான். படம் உண்மையாக இருக்க வேண்டும். எது உண்மை என்பதையும் அதுவே சொல்லிவிடும். நமக்குச் சிரமம் கொடுக்காது.

இந்தப் பணிக்கென்றே ஒரு குழு இருக்கிறது. திரைப்பட மெய்ம்மைச் சான்றுக் குழு என்று பெயர். இராணுவ நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருஷம் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற என்னை, கூட்டக் குறிப்பு எழுதுவதற்காக அந்தக் குழு திரும்பக் கூப்பிட்டது. ஒலிப்பதிவுக் கருவி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். "மெஷின் எதை வேணாலும் பதிவு பண்ணிடும்" என்றார் சட்ட ஆலோசகர். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்ற நற்பெயர் எனக்கு இருந்திருக்கிறது.

குழுவின் முன் வந்த படம் ஒரு நீதிமன்றக் கதை. எந்த வழக்கை வைத்து எழுதியது என்பது திரைக்கதையின் முதல் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வழக்கின் பதிவேட்டைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. படைப்பிரிவின் வாத்தியக் குழுவுக்குச் சொந்தமான முரசு, கொம்பு, ஆளையே முழுங்கும் அளவுக்குப் பெரிய பித்தளைக் குழல் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி ஒரு மரப் பாலத்துக்கு வந்தது. பாலத்தின் தலையில் 'மூன்று டன்' என்று பலகை. லாரியோ ஐந்து டன். அக்கரையில் ஜீப்புக்கு முன்னால் ஒரு மேஜர் நின்றிருந்தார். ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். மேஜர் கையைத் தூக்கி அசைத்தார். லாரி பாலத்தில் ஏறியது, பாலம் உடைந்தது. ஓட்டுநர் நீந்திக் கரையேறினார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. முரசுகள் மட்டும் மூன்று நாள் மிதந்தன.

விசாரணையில் ஓட்டுநரிடம் பலகையைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். "பார்த்தேன்" என்று உடனே சொல்லிவிட்டார். அது பதிவானது. பிறகு மேஜரிடம், நீங்கள் கையசைத்தது வண்டியை வரச்சொல்லித்தானா என்று கேட்டார்கள். மேஜர் வாயைத் திறந்தார், மூடினார். பேசவில்லை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது வினாடி. நீதிமன்றத் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அடுத்த கேள்விக்குப் போகலாம்" என்றார். போய்விட்டார்கள்.

பதிவுக் கையேட்டில் விதி பதினான்கு என்று ஒன்று உண்டு. பேசப்பட்டதை மட்டுமே பதிய வேண்டும், பதில் வராத கேள்வியை நீக்கிவிட வேண்டும். நான் நீக்கினேன். பதிவேட்டைப் படிப்பவருக்கு அந்தக் கேள்வியும் இல்லை, அந்த நாற்பது வினாடியும் இல்லை. முழுப் பொறுப்பும் ஓட்டுநருடையதே என்று தீர்ப்பாகி, அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

இதோடு என் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆறு வருஷத்துக்கு முன்னால் என் மகன், கூட வேலை பார்க்கும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னான். பெண் வீட்டாரைப் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க மூலையில உக்காந்து எழுதிட்டிருந்தவர்தானே?"

தலையை ஆட்டினேன்.

"அன்னிக்கு அவர் பேசாம இருந்தாரே, அதை ஏன் எழுதல?"

"பேசினதைத்தானேங்க எழுத முடியும்" என்றேன்.

"ம்" என்றார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அவர் எனக்குச் சம்பந்தி ஆனார்.

தங்கமான மனுஷர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகளைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவார். ஆனால் என்னோடு பேசிக்கொண்டே இருப்பவர் பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். நான் காத்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து, "இது பதிவுல வராதில்ல, சம்பந்தி?" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆறு வருஷமாக ஞாயிறுதோறும் சிரித்திருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அதுல பாலத்தை நான் உடைச்சேன்னு வருதா, நாங்க உடைச்சோம்னு வருதா?"

"இன்னும் அந்தப் பக்கம் வரல, சம்பந்தி."

"நான் யோக்கியன்னு காட்டச் சொல்லல. பலகையைப் பார்த்தேன், ஏத்தினேன். ஆனா தனியா உடைக்கல. பதினெட்டு வருஷமா இந்தப் பொண்ணு பாலத்தை உடைச்சவர் மகளா இருக்கா. எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும்."

மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் கிளம்பிய பிறகு என் மனைவி சொன்னாள், "உங்க விதி பதினாலைத் தூக்கி அடுப்புல போடுங்க. அந்தப் புள்ளை முகத்தை என்னால பார்க்க முடியல." அடுப்பில் போடக்கூடிய பொருளாக அது இருந்திருந்தால் நான் எப்போதோ போட்டிருப்பேன்.

குழுவின் அறையில் பச்சைத் துணி விரித்த நீள மேஜை. ஆளுக்கொரு தண்ணீர்த் தம்ளர், மூடியோடு. சுவர்க் கடிகாரம் உத்தரவின்படி ஐந்து நிமிடம் முன்னால் ஓடும். உறுப்பினர்கள் மூன்று பேர். சட்ட ஆலோசகரைச் சொல்லிவிட்டேன். இன்னொருவர் சீருடைத் துறைக் கர்னல். பொத்தான் கர்னல் என்பது எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்வது. தலைவர் ஒரு பிரிகேடியர். அன்றைக்கு ஜீப்புக்கு முன்னால் நின்று கையசைத்த அதே மேஜர்தான் பிற்பாடு பிரிகேடியராகி ஓய்வு பெற்றிருந்தார். சம்பவத்தை நேரில் அறிந்தவர் என்பதால் நடுநிலையோடு நடந்துகொள்வார் என்று நியமன உத்தரவில் எழுதியிருந்தது.

"ஸ்டெனோ, நீங்களா! முட்டிவலி எப்படி இருக்கு?" என்று முதல் நாளே எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்லவராக இல்லாமல் போயிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

படத்தை எடுப்பவர் ஒரு பெண்மணி. நாற்பது வயது இருக்கும். தோளில் ஒரு கனமான பை. முதல் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. படத்தில் வரும் பாலமும் மேஜரும் எந்த உண்மைப் பாலத்தையும் மேஜரையும் குறிப்பவை அல்ல என்பது ஒன்று. இருந்தாலும் எல்லாக் காட்சியும் உண்மை வழக்கின் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும் என்பது இன்னொன்று. அந்த அம்மா இரண்டையும் குறித்துக்கொண்டு, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் பொத்தான் கர்னல் பேசினார். இரண்டரை மணி நேரம். குற்றவாளியின் சட்டைப்பையில் பொத்தான் நான்கு ஓட்டையா இரண்டு ஓட்டையா, எந்தத் திசையில் தைத்தது, நூல் என்ன நிறம் என்று ஒன்று விடாமல் கேட்டார். நீதிமன்ற மேஜையின் ஒரு கால் குட்டையாக இருந்தது என்பதையும், அதற்கடியில் காகிதம் மடித்து வைத்திருந்தது என்பதையும் எங்கிருந்தோ கண்டுபிடித்து வந்திருந்தார்.

"காகிதம் எத்தனை மடிப்பு?" என்றார்.

"மூணா இருக்கலாம் சார்" என்றார் அந்த அம்மா.

"இருக்கலாமா? மேடம், ஜனங்க உண்மையைப் பார்க்க வர்றாங்க. மடிப்புலயே பொய் சொன்னா, மிச்சத்தை எப்படி நம்புவாங்க?"

நான்கு மடிப்பு. மடித்து வைத்தவன் நான். ஆனால் குறிப்பு எழுதுகிறவன் பேசக்கூடாது.

இரண்டாவது கூட்டத்தில் ஒன்பதாம் படிவம் வந்தது. கதையில் வரும் ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே 'நல்லவர் / கெட்டவர்' என்று அச்சிட்டு, தேவையற்றதை அடிக்கவும் என்று போட்டிருக்கும். அந்த அம்மா ஓட்டுநருக்கும் மேஜருக்கும் எதையும் அடிக்காமல் விட்டிருந்தார்.

"மறந்துட்டீங்க போல" என்றார் சட்ட ஆலோசகர்.

"இல்ல சார். ரெண்டு பேருமே ரெண்டும்தான்."

சட்ட ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எது எத்தனை சதவீதம்?"

"அளந்து சொல்ல முடியாது சார். படம் பார்க்கிறவங்களே முடிவு பண்ணட்டும்."

"முடிவு பண்றதுக்குத்தான் நாங்க இருக்கோமே! அவங்களுக்கு ஏன் அந்தக் கஷ்டம்?" அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் சாய்ந்தால் அது பேருரை என்று அர்த்தம். "மேடம், இராணுவத்துல சந்தேகமே இல்லன்னு நான் சொல்லல. சந்தேகம் இருக்கலாம். ஆனா அது முறையா எழுத்து மூலம் மேலிடத்துக்குப் போய், அங்க தீர்ந்து, கையெழுத்தாகிக் கீழ வந்திருக்கணும். தீராத சந்தேகத்தை வச்சுக்கிட்டு நடமாட எங்க விதியில இடமில்ல. நானே முப்பது வருஷமா எதையும் சந்தேகப்பட்டதில்ல. அதனாலதான் இந்த இடத்துல உக்காந்திருக்கேன்."

நெடுநேர விவாதத்துக்குப் பிறகு, மனக்குழப்பம் சார்ஜன்ட் பதவி வரைக்கும் அனுமதிக்கப்படும் என்றும், அதற்கு மேல் உள்ளவர்கள் தெளிவாக இருக்க வேண்டும் என்றும் முடிவானது. தலைவர் தம்ளரின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கூட்டத்தின் தொடக்கத்தில் முந்தைய இரண்டு கூட்டங்களின் குறிப்பையும் வாசித்தேன். சட்ட ஆலோசகர் கையைத் தூக்கினார். "நான் மேஜை விஷயத்தை ஆட்சேபிச்சேன். அது எங்க?"

"நீங்க அப்ப ஒண்ணும் பேசலயே சார்" என்றேன்.

"இருமினேன்ல? என் இருமலுக்கு ஆட்சேபம்னு அர்த்தம். இருபது வருஷமா எல்லாருக்கும் தெரியும்."

விதி பதினான்கின்படி இருமல் பேச்சு ஆகாது என்று எடுத்துச் சொன்னேன். "அப்ப விதியை மாத்துங்க!" என்று அவர் மேஜையைத் தட்டினார். அங்கேயே தீர்மானம் போட்டார்கள். இனி இக்குழுவின் அறையில் நடப்பது அனைத்தும், பேச்சானாலும் பேச்சில்லாவிட்டாலும், நேர அளவோடு பதியப்படும். கையெழுத்தான குறிப்பு இராணுவப் பதிவேட்டின் ஒரு பகுதியாகக் கருதப்படும். முன்மொழிந்தவர் சட்ட ஆலோசகர். ஒருமனதாக நிறைவேறியது.

அன்றிலிருந்து என் குறிப்பேடு இப்படி ஆனது: 'சீருடைத் துறைக் கர்னல் நாற்காலியை இழுத்தார் (மூன்று வினாடி). சட்ட ஆலோசகர் இருமினார் (இரண்டு வினாடி). இது ஆட்சேபம் அல்ல, தூசி என்று பின்னர் தெளிவுபடுத்தினார்.'

நான்காவது கூட்டத்தில் அந்தப் பக்கம் வந்தது. அந்த அம்மா எழுதியிருந்ததை சட்ட ஆலோசகர் வாசித்தார். "'நீங்கள் கையசைத்தது வண்டியை வரச்சொல்லித்தானா? மேஜர் பதில் சொல்லவில்லை. நாற்பது வினாடி.'"

என் பென்சில் முனை ஒடிந்துவிட்டது. இன்னொன்றை எடுத்தேன்.

"இது உங்களுக்கு எங்க கிடைச்சது?" என்றார் சட்ட ஆலோசகர்.

"எங்கயும் கிடைக்கல சார். அந்த எடத்துல ஒரு மனுஷன் அப்படித்தான் இருப்பார்னு தோணுச்சு."

"தோணுச்சா! பதிவேட்டுல அப்படி ஒரு கேள்வியே இல்ல. ஒரு அதிகாரி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம இருந்தார்ங்கறதுக்கு ஒரு வரி ஆதாரம் கிடையாது. இது சுத்தக் கற்பனை. படத்தோட மெய்ம்மையே கெட்டுப்போகுது."

மொத்தப் படத்திலும் நடந்தது நடந்தபடியே இருந்த ஒரே இடம் அதுதான். அதை அந்த அறையில் அறிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தலைவர். இன்னொருவன் பேசக்கூடாதவன்.

பொத்தான் கர்னலுக்கு இதை ஆதாரபூர்வமாகப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. ஓர் அதிகாரியால் நாற்பது வினாடி பேசாமல் இருக்க முடியுமா என்று அங்கேயே சோதித்தார்கள். கடிகாரத்தில் முள் பன்னிரண்டைத் தொட்டதும் தொடங்கினார்கள். ஒன்பதாவது வினாடியில், "ஆரம்பிச்சாச்சா?" என்றார் பொத்தான் கர்னல். மறுபடி தொடங்கினார்கள். பதினோராவது வினாடியில், ஜன்னலைச் சாத்தலாமா என்றார் சட்ட ஆலோசகர். மூன்றாம் தடவை இருவரும் ஒரே நேரத்தில், "இப்ப சரியா போகுது" என்றார்கள். அதிகாரிகளால் பதினோரு வினாடிக்கு மேல் மௌனமாக இருக்க இயலாது, எனவே காட்சி யதார்த்தத்துக்கு முரணானது என்று முடிவெடுக்கத் தயாரானார்கள்.

சம்பந்தியின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்வது? நீங்கள் தனியாகத்தான் உடைத்தீர்கள் என்றா? என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. பேசியிருப்பேனா என்று இன்றைக்கும் தெரியாது. அதற்குள் அந்த அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். தலைவரைப் பார்த்தார்.

"சார், நீங்க ஒருத்தர்தான் ஒண்ணுமே சொல்லல. அந்த எடத்துல நின்னவர் நீங்க. இந்தக் காட்சியை விடுங்க, நிஜமாவே கேக்குறேன். அன்னிக்கு நீங்க கையசைச்சது வண்டியை வரச்சொல்லித்தானா?"

சட்ட ஆலோசகர் இருமினார்.

தலைவர் தன் வலது கையைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த அதைக் கொஞ்சம் தூக்கினார். எதையோ விரட்டுவதுபோல் ஒருமுறை அசைத்தார், வா என்பதுபோல் ஒருமுறை அசைத்தார். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. கையைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார், மூடினார்.

சுருக்கெழுத்தில் எல்லாவற்றுக்கும் குறி உண்டு, மௌனத்துக்குக் கிடையாது. நான் பென்சிலைத் தாளில் ஊன்றி ஒரு கோடு இழுக்கத் தொடங்கினேன். கோடு வரியின் கடைசிக்குப் போய்விட்டது. அடுத்த வரிக்கு இறங்கி மறுபடி இழுத்தேன். மற்ற இருவரும் வாயே திறக்கவில்லை. அவர்களாலும் முடிந்தது.

"அப்புறம் பார்க்கலாம்" என்று தலைவர் எழுந்து போய்விட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் பத்து வினாடி.

மறுநாள் தட்டச்சு செய்த குறிப்பைக் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். தலைவர் எந்தக் குறிப்பையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறப்பார், அவ்வளவுதான். அன்றைக்குச் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

'கேள்வி: அன்றைக்கு நீங்கள் கையசைத்தது வண்டியை வரச்சொல்லித்தானா? தலைவர் பதில் சொல்லவில்லை (ஒரு நிமிடம் பத்து வினாடி).'

"அவ்வளவு நேரமா?" என்றார்.

"ஆமா சார்."

"அன்னிக்கு எவ்வளவு நேரம்?"

எதைக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. "நாப்பது வினாடி சார்."

"பதினெட்டு வருஷத்துல முப்பது வினாடி கூடியிருக்கு." கண்ணாடியைக் கழற்றினார். "ஈயை ஓட்டினேனா, வண்டியைக் கூப்பிட்டேனா, எனக்கு நிஜமாவே தெரியல ஸ்டெனோ. தெரியலன்னாவது சொல்லியிருக்கணும்."

பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். குறிப்பில் கோப்பு எண் விழுந்தது. நகல் ஒன்று வழக்கப்படி அந்த அம்மாவுக்குப் போனது.

அடுத்த கூட்டத்தில் அந்த அம்மா நகலை மேஜைமேல் வைத்தார். அதே கேள்வி, அதே அதிகாரி, பதில் இல்லை, நேர அளவோடு, கையெழுத்தோடு. இராணுவப் பதிவேடு. சட்ட ஆலோசகர் அதை முன்னும் பின்னும் புரட்டினார். தீர்மானத்தை முன்மொழிந்தவர் யார் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். வெகுநேரம் இருமினார். ஆட்சேபமா என்று கேட்டேன். தூசி என்றார்.

காட்சி அனுமதிக்கப்பட்டது. ஆனால் ஒரு நிபந்தனை. பதிவேட்டில் எழுபது வினாடி என்று இருப்பதால் படத்திலும் எழுபது வினாடி இருக்க வேண்டும், ஒரு வினாடிகூடக் குறையக் கூடாது என்றார் பொத்தான் கர்னல்.

"எழுபது வினாடியா! தியேட்டர்ல எவனும் தாங்க மாட்டான் சார்" என்று அந்த அம்மா கெஞ்சினார்.

"உண்மைன்னா உண்மைதான் மேடம்" என்றார் கர்னல்.

படம் வெளிவந்த முதல் ஞாயிறு நாங்கள் எல்லோரும் போனோம். சம்பந்தி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், அவருக்கு அந்தப் பக்கம் அவர் மகள். திரையில் ஓட்டுநர் பலகையைப் பார்த்தார். நிறுத்தி, யோசித்து, ஏற்றினார். "சரியாத்தான் காட்டுறாங்க" என்று சம்பந்தி முணுமுணுத்தார். மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில் காகிதம் மூன்று மடிப்பாக இருந்தது.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. மேஜர் வாயைத் திறந்தார், மூடினார்.

இருபது வினாடி போயிருக்கும். பின் வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். "சவுண்டு போயிடுச்சுப்பா!" என்று ஒருவர் கத்தினார். நாற்காலியைத் தட்டினார்கள். மேலே சின்ன ஜன்னலில் படம் ஓட்டுகிறவரின் தலை தெரிந்தது. அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது போல. எங்களுக்கு நேர் பின்னால் இருந்தவர், "டேய், ஏதாவது பேசுங்கடா!" என்று எழுந்து நின்றார்.

சம்பந்தி திரும்பினார். பதினெட்டு வருஷம் சேர்த்து வைத்த பொறுமையோடு சொன்னார்.

"கத்தாதீங்க தம்பி. அவர் பதில் சொல்லிட்டிருக்கார்."

அந்த ஆள் உட்கார்ந்துவிட்டார். மருமகள் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மிச்ச வினாடிகளை மூன்று பேரும் சேர்ந்து கேட்டோம்.